உயர் அழுத்தப் பதப்படுத்தலில் பி.எல்.ஏ.வும் பி.பி.ஏ.டி.யும்

சூடாக்காமல் கிருமிகளை அழிக்கும் உயர் அழுத்தப் பதப்படுத்தலில், உணவு உறையிடப்பட்ட நிலையிலேயே குளிர்ந்த நீருக்குள் 400 முதல் 600 மெகாபாஸ்கல் அழுத்தத்தைச் சில நிமிடங்கள் தாங்க வேண்டியிருப்பதால், உறையும் அந்தச் சோதனைக்கு உட்படுகிறது. 600 மெகாபாஸ்கலில் நீரின் கன அளவே ஏறத்தாழ 15 விழுக்காடு குறைகிறது; உறை அதனுடன் சுருங்கி, அழுத்தம் விலகியதும் கிழியாமல் மீள வேண்டும். மக்கும் நெகிழிகளான பி.எல்.ஏ. (பாலிலாக்டிக் அமிலம்), பி.பி.ஏ.டி. (பாலிபியூட்டிலீன் அடிபேட் டெரெப்தாலேட்) ஆகிய இரண்டும் இதற்கு எவ்வளவு பொருந்தும் என்பதே இங்கு கேள்வி.

மாவுச்சத்திலிருந்தோ கரும்பிலிருந்தோ பெறப்படும் பி.எல்.ஏ., ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸ் வரை கண்ணாடி போல விறைப்பாகவே இருப்பதாலும், சில விழுக்காடு நீண்டாலே முறிந்துவிடுவதாலும், மடிப்புகளிலும் ஒட்டிய விளிம்புகளிலும் விரிசல் காண வாய்ப்புண்டு. உறைக்குள் காற்று மிகுந்திருந்தால், அது நீரைவிடப் பன்மடங்கு சுருங்குவதால், இந்த ஆபத்து இன்னும் கூடும். தடித்த பி.எல்.ஏ. தட்டுகளை இம்முறைக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன்.

பி.பி.ஏ.டி.யோ பல நூறு விழுக்காடு நீளக்கூடிய நெகிழ்வான படலம். சுருங்கி மீளும் உறைக்கு அதுவே பொருத்தம். ஆனால் பெரும்பாலும் பெட்ரோலிய மூலப்பொருளிலிருந்து உருவாகும் அது, ஆக்ஸிஜனையும் நீராவியையும் எளிதில் கசியவிடுவதால், கிருமிகள் அழிந்த பின்னும் பழச்சாற்றின் நிறமும் வைட்டமின் சி-யும் ஆக்ஸிஜனேற்றத்தால் குன்றும்.

ஆகவே குளிரூட்டி விற்கப்படும் பழச்சாற்றுப் பைகளுக்கு, பி.பி.ஏ.டி. மிகுந்த கலவைப் படலத்துடன் ஆக்ஸிஜனைத் தடுக்கும் மக்கும் அடுக்கொன்றையும் சேர்ப்பதையே நான் விரும்புவேன். அழுத்தத்திற்குப் பின் அந்த அடுக்குகள் பிரிந்துள்ளனவா என்பதைக் கட்டாயம் சோதிக்க வேண்டும்.