ஒயிட் ரிஸ்க் செயலி: எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள்

சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரிலுள்ள பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிறுவனத்தின் பனிச்சரிவு அபாய முன்னறிவிப்பைக் கைபேசியில் இலவசமாகத் தரும் ஒயிட் ரிஸ்க் செயலியை மூன்று குளிர்காலங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். பராமரிக்கப்பட்ட தடங்களை விட்டு விலகி மலையேறிப் பனிச்சறுக்குபவர்கள் அனைவரிடமும் இது இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

குளிர்காலத்தில் நாள்தோறும் மாலை 5 மணிக்கு வெளியாகும் முன்னறிவிப்பு, காலை 8 மணிக்குப் புதுப்பிக்கப்படுகிறது. அபாயம் 1 (குறைவு) முதல் 5 (மிக அதிகம்) வரையிலான எண்ணால் குறிக்கப்பட்டாலும், அதன் கீழே எந்தத் திசை நோக்கிய சரிவுகள், எவ்வளவு உயரத்துக்கு மேல், பனியின் எந்த அடுக்கில் சிக்கல் என்று எழுதப்பட்டிருக்கும் சில வரிகளே இந்தச் சேவையின் உயிர்நாடி.

கடந்த பிப்ரவரியில் டாவோஸுக்கு அருகிலுள்ள டிஷ்மா பள்ளத்தாக்குக்குச் சென்றபோது அதை நேரில் உணர்ந்தேன். ஐந்து நாள்களாகப் பனி பொழியவில்லை. வானமும் தெளிவாக இருந்தது. ஆனால் அபாயம் 3 என்றும், 2,200 மீட்டருக்கு மேல் வடக்கு, கிழக்கு நோக்கிய சரிவுகளில் பழைய பனிக்குள் வலுவற்ற அடுக்கு இருக்கிறதென்றும் முன்னறிவிப்பு கூறியது. ஒரு மணி நேரம் ஏறியதும், எதிரேயிருந்த வடகிழக்குச் சரிவில், முகட்டுக்குச் சற்றுக் கீழே, கத்தியால் வெட்டியது போன்ற நீண்ட விளிம்பும், அதனடியில் கூர்மை மழுங்காத பனிக்கட்டிகளின் குவியலும் தெரிந்தன. அண்மையில் அங்கே பனிச்சரிவு நிகழ்ந்ததன் அடையாளம் அது. அடுத்த சில நிமிடங்களில், நாங்கள் நின்றிருந்த சமதளமே 'வூம்' என்ற அடங்கிய ஒலியோடு காலடியில் அமிழ, என் பலகையின் நுனியிலிருந்து ஒரு விரிசல் ஓடியது. உள்ளேயிருந்த வலுவற்ற அடுக்கு எங்கள் எடையில் நொறுங்கியதன் அறிகுறி அது. மண்வாரியால் முழங்கால் ஆழம் தோண்டிப் பார்த்தபோது, ஒன்றோடொன்று ஒட்டாத பனிமணிகள் சர்க்கரையைப் போலக் கையிலிருந்து உதிர்ந்தன. மேற்கொண்டு ஏறாமல், பனிச்சரிவு பெரும்பாலும் தொடங்காத, 30 பாகைக்குக் குறைந்த சாய்வுள்ள சரிவுகளிலேயே இறங்கித் திரும்பினோம்.

செயலியின் வரைபடத்தில் 30 பாகையைத் தாண்டும் சரிவுகள் வண்ணமிட்டுக் காட்டப்படுவது அப்போது பேருதவியாக இருந்தது. எனினும் முன்னறிவிப்பு ஒரு வட்டாரம் முழுமைக்குமானது. நாம் நிற்கும் சரிவின் நிலையை அது சொல்லாது, சொல்வதாக உரிமை கோரவும் இல்லை. அதைக் கண்டும் கேட்டும் தோண்டியும் நாமேதான் அறிய வேண்டும். பனியில் புதைந்தவரைக் கண்டறிந்து மீட்க உதவும் தேடுகருவி, துழாவுகோல், மண்வாரி ஆகிய மூன்றுக்கும் செயலி மாற்றாகாது. பள்ளத்தாக்குகளில் கைபேசி இணைப்பு கிடைக்காத இடங்கள் உண்டு என்பதால், புறப்படுமுன்பே முழுவதையும் வாசித்துவிடுங்கள்.

இந்த முன்னறிவிப்பு, தானியங்கி நிலையங்களின் அளவீடுகளோடு, மலைப்பகுதிகளில் பயிற்சி பெற்ற ஏறத்தாழ 200 பேர் நேரில் கண்டு அனுப்பும் குறிப்புகளையும் கொண்டு தயாராகிறது. நாங்களும் அன்று மாலையே, எதிரே கண்ட அந்தப் பனிச்சரிவின் திசை, உயரம், பார்த்த நேரம் ஆகியவற்றை எழுதி, ஒரு படத்துடன் நிறுவனத்துக்கு அனுப்பிவைத்தோம்.