300 ஓம் ஹெட்ஃபோனுக்கு எந்த வால்வு ஆம்ப்? பாட்டில்ஹெட் கிராக்: ஒரு மதிப்புரை

சென்ஹைசர் ஹெச்டி 650 போன்ற 300 ஓம் ஹெட்ஃபோனை வாங்கியவர்கள் அடுத்துக் கேட்கும் கேள்வி, அதற்கு எந்த ஆம்ப் (ஒலிச் சைகையைப் பெருக்கித் தரும் ஆம்ப்ளிஃபயர்) பொருந்தும் என்பதுதான். நாலைந்து ஆம்ப்களை வரிசையாக வைத்துக் கேட்டுப் பார்த்து வாங்கும் வசதி நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ இல்லாத நிலையில், விவரத்தாளில் உள்ள எண்களைப் படிக்கத் தெரிந்திருப்பதே நமக்குக் கைகொடுக்கும். அந்த எண்களை வைத்துக்கொண்டே அமெரிக்காவின் பாட்டில்ஹெட் நிறுவனம் உதிரிபாகத் தொகுப்பாக விற்றுவந்த கிராக் என்னும் வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்பை இங்கே மதிப்பிடுகிறேன்.

ஆம்ப் வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது வாட் கணக்கு. உயர் இம்பீடன்ஸ் ஹெட்ஃபோனுக்கு, அதாவது ஓமில் அளக்கப்படும் மின்தடை அதிகமுள்ள ஹெட்ஃபோனுக்கு, அது பெரிதாக உதவாது. ஹெச்டி 650 ஹெட்ஃபோனுக்கு 1 வோல்ட் கொடுத்தால் 103 டெசிபல் ஒலி கிடைக்கும் என்பது தயாரிப்பாளரே தரும் அளவு. 300 ஓமில் 1 வோல்ட் என்பது 3.3 மில்லிவாட் மட்டுமே. அதை 2 வோல்ட்டாக உயர்த்தினால் 13 மில்லிவாட்டில் 109 டெசிபல் வந்துவிடும். அந்த அளவில் தொடர்ந்து கேட்பதே காதுக்குக் கேடு. ஆகவே இவ்வகை ஹெட்ஃபோன் கேட்பது மின்னழுத்தத்தைத்தான். மின்னோட்டம் சொற்பமாக இருந்தாலே போதும். மின்னழுத்தத்தைத் தாராளமாகவும் மின்னோட்டத்தைக் குறைவாகவும் தருவதே வால்வின் இயல்பும். 8 ஓம் ஸ்பீக்கரை வால்வு கொண்டு இயக்க வேண்டுமானால் இடையில் ஒரு கனமான அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் தேவைப்படும். 300 ஓம் ஹெட்ஃபோனுக்கு அது இல்லாமலே சமாளித்துவிடலாம். ட்ரான்ஸ்ஃபார்மரை விலக்கிய இந்த அமைப்பைத்தான் ஓடிஎல் (அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர்லெஸ்) என்கிறார்கள்.

கிராக் அந்த இனத்தைச் சேர்ந்தது. முன்பகுதியில் 12ஏயு7 வால்வு ஒன்று. ஐரோப்பிய வழக்கில் அதன் பெயர் இசிசி82. பின்பகுதியில் 6080 வால்வு ஒன்று. இந்த 6080, மின்வழங்கிகளின் அழுத்தத்தைச் சீராக வைத்திருப்பதற்கென்று உருவான 6ஏஎஸ்7ஜி வால்வின் சிறிய வடிவம். இசைக்காகப் பிறந்த வால்வு அல்ல என்றாலும், குறைந்த உள்தடையோடு தாராளமாக மின்னோட்டம் தரக்கூடியது என்பதால் ஹெட்ஃபோன் ஆம்ப் செய்பவர்கள் இதை விரும்பி எடுத்துக்கொண்டார்கள். இரண்டே வால்வு, எளிய சுற்று, உலோகத் தகட்டின் அடியில் கையால் இணைக்கும் கம்பிகள் என்று, பழைய வால்வு ரேடியோவைத் திறந்து பார்த்தவர்களுக்கு உடனே பிடிபட்டுவிடும் கட்டுமானம்.

இதன் குணத்தைத் தீர்மானிப்பது அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது ஆம்ப்பின் வெளிவழியிலேயே உள்ள தடை. கிராக்கில் அது ஏறத்தாழ 120 ஓம். ஹெட்ஃபோனின் இம்பீடன்ஸ் ஆம்ப்பினுடையதைவிட எட்டு மடங்காவது இருக்க வேண்டும் என்ற பொதுவிதியை வைத்துப் பார்த்தால் கிராக் தேறாது. ஆனால் அந்த விதியை அப்படியே பிடித்துக்கொள்ளாமல், நடப்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. ஹெச்டி 650 பெயரளவில் 300 ஓம் என்றாலும், அடிக்குரல் (பேஸ்) பகுதியில், 80 முதல் 100 ஹெர்ட்ஸ் வாக்கில், 500 ஓம் அளவுக்கு ஏறுகிறது. அவுட்புட் இம்பீடன்ஸ் 120 ஓம் உள்ள ஆம்ப்போடு இணைத்தால் 300 ஓம் உள்ள இடத்தில் ஏறத்தாழ 2.9 டெசிபல் குறையும். 500 ஓம் உள்ள இடத்தில் 1.9 டெசிபல்தான் குறையும். அதாவது அடிக்குரல் மற்றப் பகுதிகளைவிட 1 டெசிபல் தூக்கலாகக் கேட்கும்.

இந்த 1 டெசிபல் காதுக்கு எப்படி வருகிறது என்பதற்கு நம் மாவட்டத்து வில்லுப்பாட்டைவிட நல்ல சோதனை எனக்குத் தோன்றவில்லை. வீசுகோல் நாணில் படும்போது எழும் மணிகளின் சிலும்பல் ஹெச்டி 650 ஹெட்ஃபோனில் எப்போதும் சற்று அடக்கமாகத்தான் இருக்கும். கிராக் அதைக் கூட்டவுமில்லை, மழுக்கவுமில்லை. குடத்தின் வாயில் அடி விழுந்ததும் உள்ளிருந்து கிளம்பும் முழக்கம் மட்டும் ஒரு சுற்று பருத்துக் கேட்கிறது, அடங்கவும் சற்று நேரம் எடுத்துக்கொள்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது. பதிவில் உள்ளது உள்ளபடி கேட்க வேண்டும் என்பவர்களுக்குப் பிடிக்காது. அவர்கள் இதைவிடக் குறைந்த விலையில் நல்ல ட்ரான்சிஸ்டர் ஆம்ப் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். அளவீட்டில் அதுவே மேலாக நிற்கும் என்பதில் வாதத்துக்கு இடமில்லை.

இதே ஆம்ப்பில் 32 ஓம் ஹெட்ஃபோனைச் செருகினால் கதை மாறிவிடும். மின்னழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் ஹெட்ஃபோனுக்குப் போய்ச் சேரும். அதோடு, ஓடிஎல் ஆம்ப்களின் வெளிவழியில் டிசியைத் தடுக்க நிற்கும் கெபாசிட்டர், ஹெட்ஃபோனின் ஓம் குறையக் குறைய அடிக்குரலை இன்னும் முன்னதாகவே சரியவிடும். குறைந்த இம்பீடன்ஸ் ஹெட்ஃபோனும் வைத்திருப்பவர்கள், அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ள வால்வு ஆம்ப்பையோ, முன்னால் வால்வும் பின்னால் ட்ரான்சிஸ்டரும் உள்ள கலப்பு வகையையோ தேடுவது நல்லது.

நம் ஊருக்கென்று சில காரியங்கள் உண்டு. 6080 வால்வின் ஹீட்டர் (வால்வை உள்ளிருந்து சூடாக்கும் இழை) மட்டும் 6.3 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் இழுக்கிறது. அதாவது ஏறத்தாழ 16 வாட். காதுக்குப் போவது சில மில்லிவாட், மீதியெல்லாம் அறைக்குள் வெப்பம். தேங்காய் எண்ணெய் உறையும் மாதம் என்று ஒன்றைப் பார்த்திராத ஊரில், மூடிய அலமாரிக்குள் இதை வைக்கவே கூடாது. குளச்சல், மணவாளக்குறிச்சிப் பக்கம் கடலோரத்தில் வசிப்பவர்கள் உப்புக்காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும்: வால்வின் ஊசிகளில் பச்சை பூத்து, சாக்கெட்டில் தொடர்பு விட்டுவிட்டு, கரகரவென்ற சத்தம் வரும். ஆம்ப்பை நிறுத்தி ஆறவிட்டபின் வால்வைக் கழற்றி, ஊசிகளைக் கான்டாக்ட் கிளீனரால் துடைத்து மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மின்வெட்டில் இன்வெர்ட்டருக்கு மாறும்போது, அது தூய சைன் அலை தராத வகையானால் மெயின் ட்ரான்ஸ்ஃபார்மர் (மின்வழங்கியில் இருப்பது, முன்பு சொன்ன அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் அல்ல) ரீங்காரமிடும். அந்த நேரம் பாட்டை நிறுத்திவைப்பதே மேல். ஐப்பசி மாலைகளில் இடி தொடங்கினால் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

தொகுப்பாக வாங்குபவர்கள் சால்டரிங் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். மின் இணைப்புக் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு முனையிலும் தடையை அளந்து பார்க்கும்படி கையேடு சொல்லும். அந்தப் படியைத் தாண்டக் கூடாது. உள்ளே ஓடும் டிசி அழுத்தம் உயிருக்கு ஆபத்தானது, நிறுத்திய பிறகும் கெபாசிட்டர்களில் தங்கியிருக்கும். மெயின் ட்ரான்ஸ்ஃபார்மரின் இணைப்பு நம் 230 வோல்ட்டுக்கு உரியதுதானா என்பதையும் முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். சுங்கத் தீர்வையும் கூரியர் கட்டணமும் விலையோடு சேரும். சால்டரிங் இரும்பைக் கையில் எடுக்க விருப்பமில்லாதவர்களுக்கு, 6எஸ்என்7 வால்வும் 6ஏஎஸ்7ஜி வால்வும் கொண்ட டார்க்வாய்ஸ் 336எஸ்இ முழுதாகக் கட்டியே வருகிறது. அதுவும் ஓடிஎல் இனம்தான், மேலே சொன்ன பொருத்தக் கணக்கு அதற்கும் பொருந்தும். பேயர்டைனமிக் டிடி 880 ஹெட்ஃபோனின் 600 ஓம் வடிவத்தை வைத்திருப்பவர்கள் இரண்டில் எதை எடுத்தாலும், அதன் இம்பீடன்ஸ் அதிகம் ஏறி இறங்காது என்பதால், அடிக்குரல் தூக்கலை எதிர்பார்க்க வேண்டியதில்லை.