டேபிள்_ரோஸ்: ஏழு வருடப் பழக்கமும் ஆறாத கோபமும்

ஈரோட்டில் மஞ்சள் குடோன் கணக்கு பார்க்கும் நண்பர் போன வாரம் கூப்பிட்டார். "ஏனுங்க, குடோனுக்கு ஒரு டேபிள்னு வெச்சிருக்கறோம். எல்லாத்துலயும் எத்தனை வரி இருக்குதுன்னு ஒரே அடில பாக்க முடியுங்களா?"

முடியும். திருப்பூரில் எங்கள் நிட்டிங் யூனிட்டில் 2018 ஏப்ரல் முதல் மாதத்துக்கு ஒரு டிசி (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) டேபிள், எண்பதைத் தாண்டிவிட்டது. முன்பு ஒவ்வொன்றாக எண்ணி நோட்டில் எழுதுவேன். நாங்கள் டேபிள்களை வைத்திருக்கும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில், டேபிள்களைப் பற்றிய விவரம் இருக்கும் இன்ஃபர்மேஷன்_ஸ்கீமாவில் டேபிள்ஸ் என்பதை எடுத்து, பெயர் லைக் 'டிசி_%' (டிசி என்று தொடங்கும் பெயர்கள்) என்று கேட்டதும் எல்லா டேபிளும் வரி எண்ணிக்கையோடு சட்டென்று வந்து நின்றன. அன்று அத்தனை சந்தோஷம்.

ஆனால் அந்த எண்ணிக்கை வரும் டேபிள்_ரோஸ் என்ற கட்டம் காட்டுவது எண்ணிய கணக்கு அல்ல. இப்போது வழக்கமாக வரும் இன்னோடிபி வகை டேபிளில், டேட்டா சேமித்திருக்கும் பக்கங்களில் வழக்கமாக 20-ஐ மட்டும் மாதிரி பார்த்துப் போடும் மதிப்பீடு. நாற்பது, ஐம்பது சதவீதம்கூட விலகலாம் என்று கையேட்டிலேயே இருக்கிறது. பழைய மைஐசாம் வகை டேபிள் என்றால் சரியாகவே சொல்லும். மைஎஸ்க்யூஎல் 8.0 வந்த பிறகு இன்னொன்று: அந்த எண்ணை 86,400 விநாடி, அதாவது ஒரு முழு நாள், சேமித்து வைத்துக்கொள்கிறது. ஒரு நாள் பல்லடம் யூனிட்டின் டிசிகளை ஏற்றினேன், எண் அசையவில்லை. ஏறவில்லை என்று நினைத்து மறுபடி ஏற்றிவிட்டேன். இரட்டை டிசிகளைப் பிரித்தெடுக்க இரண்டு இரவுகள். கையேட்டில் இருந்தது உண்மைதான், நான்தான் படிக்கவில்லை. ஆனாலும் வரி எண்ணிக்கை என்று பெயர் வைத்த இடத்தில் உத்தேசத்தை வைப்பது எனக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை.

அனலைஸ் டேபிள் என்ற கட்டளையை ஓட்டினால் எண் புதிதாகும், அப்போதும் உத்தேசம்தான். சரியான கணக்கு வேண்டுமானால் அதே பட்டியலில் இருந்து ஒவ்வொரு டேபிளுக்கும் ஒரு கவுன்ட் (எண்ணும்) கட்டளையைக் குரூப்_கான்கேட்டால் ஒரே நீள வாக்கியமாகக் கோத்து, நடுவில் விடைகளைச் சேர்க்கும் யூனியன் ஆல் போட்டு, பிரிப்பேர் செய்து (அந்த வாக்கியத்தைக் கட்டளையாகத் தயார் செய்து) ஓட்ட வேண்டும். குரூப்_கான்கேட் வழக்கமாக 1024 பைட்டோடு வெட்டிவிடும்; அந்த வரம்பை முதலில் கூட்டிவிடுங்கள். அப்புறம் லைக்கில் அண்டர்ஸ்கோர் என்றால் ஏதாவது ஓர் எழுத்து என்று அர்த்தம். எங்கள் டிசிரிட்டர்ன் டேபிளும் அப்படித்தான் பட்டியலில் நுழைந்தது. அண்டர்ஸ்கோருக்கு முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ் போட்டால் அது நுழையாது.

தினமும் காலையில் அந்த டேபிள்_ரோஸ் கேள்வியைத்தான் முதலில் ஓட்டுகிறேன். எந்த மாத டேபிள் பெருத்தது என்று பார்க்க அதைவிட வசதி கிடையாது. இருந்தும் நண்பரிடம் டேபிள்_ரோஸ் வேண்டாம் என்றுதான் சொன்னேன். குடோனில் மூட்டைக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர் அவர். கவுன்ட் கோத்த அந்த நீள வாக்கியத்தைத்தான் அனுப்பியிருக்கிறேன்.