பங்குதாரர் சம்பளத்தை நிர்ணயித்துத் தரும் ஆடிட்டர் சேவை: ஒரு பட்டறைக்காரரின் மதிப்புரை

கோவையில் சில ஆடிட்டர் அலுவலகங்கள், வழக்கமான ஜிஎஸ்டி, வருமான வரித் தாக்கல் வேலைகளோடு, தொழில் நடத்துபவர் தனக்கென்று எவ்வளவு சம்பளம் எடுத்துக்கொள்வது முறையாக இருக்கும் என்பதைக் கணக்கிட்டு எழுத்தில் தரும் வேலையையும் தனிக் கட்டணத்துக்குச் செய்கின்றன. அப்படிப்பட்ட ஓர் அலுவலகத்திடம் 2025-26 நிதியாண்டின் தொடக்கத்தில் எங்கள் கணக்கை ஒப்படைத்தோம். எங்களுடையது கணபதிப் பகுதியில் நானும் என் மைத்துனரும் பங்குதாரர்களாக நடத்தும் சிறிய லேத் பட்டறை. பம்ப் தயாரிப்பாளர்களுக்கு உதிரி பாகங்களைக் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க்தான் வருமானத்தின் பெரும்பகுதி. கட்டணம் 15,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 17,700 ரூபாய். இந்தத் தொகைக்கு ஈடான வேலை நடந்ததா என்று கேட்டால், நடந்தது என்றே சொல்வேன். ஆனால் ஒரு பெரிய குறையும் இரண்டு சிறிய எரிச்சல்களும் உண்டு.

சிறு தொழிலில் முதலாளியின் சம்பளம் என்பது பெரும்பாலும் யாரும் முடிவு செய்யாத ஒன்று. சனிக்கிழமை கூலி போகிறது, ஐந்தாம் தேதி வங்கித் தவணை போகிறது, இருபதாம் தேதி ஜிஎஸ்டி போகிறது, தீபாவளிக்குப் போனஸ் போகிறது. வீட்டுக்குத் தேவைப்படும்போது தேவைப்படும் அளவு எடுத்துக்கொள்கிறோம், ஆண்டு முடிவில் கணக்காளர் அதையெல்லாம் டிராயிங்ஸ் என்ற ஒரே தலைப்பில் போட்டு மூடுகிறார். இந்த அலுவலகம் முதலில் கேட்டது எங்கள் டேலி கணக்கு மென்பொருளில் இருந்த அந்த டிராயிங்ஸ் லெட்ஜரைத்தான். மூன்று ஆண்டுகளின் பதிவுகளைப் பிரித்து, வீட்டுச் செலவு எது, பட்டறைச் செலவைத் தவறாக இங்கே எழுதியது எது, வீட்டுச் செலவைப் பட்டறைச் செலவாக எழுதியது எது என்று மூன்று நிறங்களில் குறித்துக் கொடுத்தார்கள். டீசல், கைபேசிக் கட்டணம், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாம் எந்தப் பக்கம் சேர வேண்டுமோ அந்தப் பக்கம் சேர்ந்தபோது, நாங்கள் இருவரும் உண்மையில் எடுத்துவந்த தொகை நாங்கள் நினைத்திருந்ததைவிட அதிகம் என்பது தெரிந்தது. இந்த ஒரு தாளுக்கே பாதிக் கட்டணத்தைத் தரலாம்.

அடுத்த கட்டம்தான் இந்தச் சேவையின் உயிர். வரிச் சட்டம் எவ்வளவு அனுமதிக்கிறது என்பதிலிருந்து அவர்கள் தொடங்கவில்லை. "சார், நீங்க ஆறு மாசம் பட்டறைக்கு வரலைன்னா உங்க வேலைய யார் யாருக்குப் பிரிச்சுக் கொடுப்பீங்க, என்ன சம்பளம் கொடுப்பீங்க?" என்று ஆடிட்டர் அம்மா கேட்டார். நான் பார்க்கும் உற்பத்தி மேற்பார்வைக்கு 32,000 ரூபாயும், விலைப்புள்ளி தயாரித்தல், மூலப்பொருள் வாங்குதல் ஆகியவற்றுக்கு 18,000 ரூபாயும் கொடுத்தால்தான் எங்கள் பகுதியில் ஆள் நிற்பார் என்று பேசி முடிவுக்கு வந்தோம். வசூல், வங்கி, கணக்கு ஆகியவற்றைப் பார்க்கும் மைத்துனரின் வேலைக்கு 38,000 ரூபாய் மதிப்பிட்டோம். மொத்தம் மாதம் 88,000, ஆண்டுக்கு 10,56,000 ரூபாய். லாபத்தில் இருவருக்கும் சரிபாதிப் பங்கு இருக்க, சம்பளம் மட்டும் ஏன் வேறுபட வேண்டும் என்ற கேள்வி குடும்பத்தில் எழாமல் இல்லை. சம்பளம் செய்கிற வேலைக்கு, லாபப் பங்கு போட்ட பணத்துக்கு என்று ஆடிட்டர் அம்மா இரண்டையும் பிரித்துச் சொன்ன பிறகு மைத்துனரே அதை ஏற்றுக்கொண்டார். உறவினர்கள் சேர்ந்து நடத்தும் தொழிலில் இந்தப் பேச்சை வெளியாள் ஒருவர் நடத்தி வைப்பதன் மதிப்பைக் கட்டணத்தில் அளக்க முடியாது.

அதன் பிறகே சட்டம் வந்தது. இங்கே நான் சொல்லும் வருமான வரிப் பிரிவு எண்களும் விகிதங்களும் 2025-26 நிதியாண்டுக்கு உரியவை. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 40(பி) பிரிவு, தொழிலில் நேரடியாக உழைக்கும் பங்குதாரருக்குக் கொடுக்கும் ஊதியத்தை ஓர் உச்சவரம்புக்குள் மட்டுமே நிறுவனத்தின் செலவாக ஏற்கிறது. பங்குதாரர் ஊதியத்தைக் கழிப்பதற்கு முந்தைய ஏட்டு லாபத்தில் முதல் 6 லட்சம் ரூபாய்க்கு 90 சதவீதம் அல்லது 3 லட்சம் ரூபாய், இவற்றில் எது அதிகமோ அது. மிச்ச லாபத்துக்கு 60 சதவீதம். எங்கள் ஏட்டு லாபத்தைச் சராசரியாக 14 லட்சம் என்று வைத்துக் கணக்கிட்டார்கள்: முதல் 6 லட்சத்துக்கு 5.4 லட்சம், மீதி 8 லட்சத்துக்கு 4.8 லட்சம், ஆக உச்சவரம்பு 10.2 லட்சம். சந்தை மதிப்பில் வந்த 10.56 லட்சம் இதைத் தாண்டுவதால், எனக்கு 48,000, மைத்துனருக்கு 36,500 என்று குறைத்து, ஆண்டுக்கு 10,14,000 ரூபாயில் நிறுத்தினார்கள்.

இந்த எண்ணுக்குப் பின்னால் உள்ள வரிக் கணக்கை அறிக்கை தெளிவாகவே காட்டுகிறது. பங்குதாரர் நிறுவனத்துக்கு வரி 30 சதவீதம், செஸ் சேர்த்து 31.2 சதவீதம், தனிநபருக்கு உள்ளதுபோல் படிநிலை கிடையாது. சம்பளமே எடுக்காமல் 14 லட்சத்தையும் லாபமாக விட்டால் நிறுவனம் 4,36,800 ரூபாய் கட்ட வேண்டும். இந்தச் சம்பளத்தை எடுத்தால் வரிக்குரிய லாபம் 3,86,000 ரூபாயாகச் சுருங்கி, வரி 1,20,432 ரூபாயில் முடிகிறது. சம்பளம் எங்கள் கையில் வரிக்கு உட்பட்டாலும், புதிய வரி முறையில் 12 லட்சம் வருமானம் வரை வரித் தள்ளுபடி இருப்பதால் இருவருக்கும் வரி எழவில்லை. லாபப் பங்குக்குப் பங்குதாரர் கையில் மறுபடியும் வரி இல்லை. மாதச் சம்பளக்காரர்களுக்குக் கிடைக்கும் 75,000 ரூபாய் நிலையான கழிவு எங்களுக்கு உண்டா என்று கேட்டேன். பங்குதாரரின் ஊதியத்தைச் சட்டம் சம்பளமாகக் கருதாமல் தொழில் வருமானமாகவே கருதுவதால் அது கிடைக்காது என்று விளக்கினார்கள். இணையத்தில் பலர் இதைத் தவறாக எழுதுவதைப் பார்த்திருக்கிறேன்.

அவர்கள் கண்டுபிடித்தவற்றில் பணமாகப் பயன் தந்தது எங்கள் பார்ட்னர்ஷிப் பத்திரத்தில் இருந்த ஒரு பத்திதான். பத்திரம் எழுதியவர் அன்றைய வரம்பை, அதாவது முதல் 3 லட்சத்துக்கு 90 சதவீதம் அல்லது 1.5 லட்சம் என்பதை, எண்களாகவே தட்டச்சு செய்துவிட்டிருந்தார். 2024-ஆம் ஆண்டின் இரண்டாவது நிதிச் சட்டம் அந்த வரம்பை உயர்த்திவிட்டது. ஆனால் பத்திரம் அனுமதிக்கும் அளவுக்கு மேல் சட்டமும் அனுமதிக்காது. பழைய எண்களின்படி 14 லட்சம் லாபத்துக்கு எங்கள் வரம்பு 9.3 லட்சம்தான், புதிய வரம்பு முழுவதையும் எடுத்திருந்தால் 90,000 ரூபாய் வீணாக நிறுவனத்தின் 31.2 சதவீத வரிக்குள் விழுந்து, ஆண்டுக்கு 28,080 ரூபாய் கூடுதலாகப் போயிருக்கும். 6 லட்சத்துக்கு மேல் லாபம் காட்டும் எந்தச் சிறு பங்குதாரர் நிறுவனத்துக்கும், பத்திரத்தில் பழைய எண்கள் இருந்து, வரம்பு முழுவதையும் எடுத்துக்கொள்வதாக இருந்தால், இழப்பு இதே தொகைதான். தொகையையோ அதைக் கணக்கிடும் முறையையோ பத்திரம் சொல்லியிருக்க வேண்டும் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 1996-இலேயே 739-ஆம் எண் சுற்றறிக்கையில் தெளிவுபடுத்தியிருக்கிறது. "பங்குதாரர்கள் அவ்வப்போது பேசி முடிவு செய்வார்கள்" என்று மட்டும் எழுதி வைத்திருப்பவர்களுக்கு எங்களைவிடப் பெரிய சிக்கல்.

முதல் எரிச்சல் இங்கேதான். பழைய பத்தியை மாற்றும் துணைப் பத்திரத்தை எழுதித் தர அவர்கள் மிகவும் தாமதித்தார்கள். பத்திரத்தின் தேதிக்கு முந்தைய காலத்துக்குரிய ஊதியத்தை அந்தப் பத்திரத்தைக் காட்டிச் செலவாகக் கோர முடியாது என்பதை அவர்களே அறிக்கையில் எழுதியிருந்தார்கள். அப்படியிருக்க முத்திரைத்தாளை மேசையில் வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் காத்திருக்க வைத்தது சரியல்ல. வரைவிலும் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு எண் மட்டுமே இருந்தது. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வரும்போது எண்கள் மாறும் என்பதால், "அப்போது நடைமுறையில் இருக்கும் சட்டத்தின் இணையான பிரிவு" என்ற சொற்களைச் சேர்க்கச் சொல்லி நாங்கள்தான் திருப்பி அனுப்பினோம்.

இரண்டாவது எரிச்சல், பிரைவேட் லிமிடெட் ஆக மாறச் சொல்லிக் கொடுத்த மெல்லிய அழுத்தம். கம்பெனிக்குச் சலுகை விகிதம் கூடுதல் வரியும் செஸ்ஸும் சேர்த்து 25.168 சதவீதம், இயக்குநர் சம்பளத்துக்கு 40(பி) போன்ற உச்சவரம்பு இல்லை, 75,000 ரூபாய் கழிவும் உண்டு என்பதெல்லாம் உண்மை. ஆனால் கம்பெனியில் மிஞ்சும் லாபத்தை டிவிடெண்டாக எடுத்தால் அது பங்குதாரர் கையில் மறுபடி வரிக்கு உட்படும் என்பதும், லாபம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் ஆண்டுதோறும் தணிக்கையும் பதிவாளர் அலுவலகத் தாக்கலும் கட்டாயம் என்பதும் அதே பக்கத்தில் அதே அளவு எழுத்தில் இருந்திருக்க வேண்டும். எங்கள் அளவுள்ள பட்டறைக்கு அது பொருந்தாது என்றே நினைக்கிறேன்.

இப்போது பெரிய குறைக்கு வருகிறேன். அறிக்கை முழுவதும் லாபத்தைப் பார்க்கிறது, கையில் இருக்கும் பணத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி 84,500 ரூபாய் எங்கள் இருவரின் சேமிப்புக் கணக்குக்கும் மாற வேண்டும் என்கிறது. எங்கள் தொழிலில் பில் போட்ட பணம் வந்து சேர இரண்டு, மூன்று மாதங்கள் ஆகும். சிறு தொழில்களுக்கு ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் சொல்கிறது, அப்படித் தராமல் நிதியாண்டும் முடிந்துவிட்டால் வாங்கியவர் அந்தச் செலவை அந்த ஆண்டு வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்று வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவும் சொல்கிறது; ஆனால் அடுத்த ஆர்டரை நம்பியிருப்பவர் இந்தப் பிரிவுகளைப் பெரிய வாடிக்கையாளரிடம் போய்ப் படித்துக் காட்டுவதில்லை. வராத பணத்துக்கும் இருபதாம் தேதி ஜிஎஸ்டி கட்டியாக வேண்டும். இதற்கு நடுவில் எங்கள் சம்பளத்தை ஓவர்டிராஃப்டிலிருந்து எடுத்தால், எங்களுக்கு நாங்களே வட்டிக்குக் கடன் வாங்கிச் சம்பளம் கொடுத்ததாக ஆகும்.

2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 194டி (194T) பிரிவு இந்த நெருக்கடியை இன்னும் கொஞ்சம் இறுக்குகிறது. பங்குதாரருக்கு ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் ஊதியமோ வட்டியோ கொடுத்தால் நிறுவனம் 10 சதவீதம் டிடிஎஸ் (கொடுக்கும்போதே செய்யும் வரிப் பிடித்தம்) பிடித்து அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் செலுத்த வேண்டும். பணமாகக் கொடுக்காமல் மூலதனக் கணக்கில் வரவு வைத்தாலும் பிடித்தம் உண்டு. எங்களுக்கு அது மாதம் 8,450 ரூபாய். கட்ட வேண்டிய வரியே இல்லாத எங்களுக்கு அது ரிட்டர்ன் தாக்கல் செய்த பிறகுதான் திரும்பி வரும். வரி பிடிப்பவருக்கான டான் எண் வாங்குவதையும் காலாண்டுத் தாக்கலையும் அலுவலகம் ஒழுங்காகச் செய்து கொடுத்தது, ஆனால் இந்தப் பண முடக்கத்தைச் சம்பளத் திட்டத்தோடு சேர்த்து யோசிக்கவில்லை.

ஆகவே நாங்கள் அவர்களுடைய எண்ணை வைத்துக்கொண்டு முறையை மாற்றினோம். வீட்டுக்கு அவசியமான தொகையாக எனக்கு 30,000, மைத்துனருக்கு 25,000 ரூபாய் மட்டும் மாதம் தவறாமல் போகிறது, அதுவும் பெரிய வாடிக்கையாளரின் காசோலை வழக்கமாக விழும் பத்தாம் தேதிக்குப் பிறகு. மீதியை, ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களின் 15-ஆம் தேதிக்குள் முன்கூட்டிய வரித் தவணையைக் கட்டி முடித்த பிறகு, ஒரு மாதக் கூலியும் தவணையும் கணக்கில் மிச்சம் இருந்தால் மட்டும் எடுக்கிறோம். ஆடிட்டர் அம்மாவிடம் காட்டியபோது, பத்திரத்தில் ஆண்டுத் தொகைதான் இருக்கிறது, அதனால் தடையில்லை என்றார். இதை அவர்களே முதலில் சொல்லியிருக்கலாம்.

மூலதனத்துக்கு 12 சதவீதம் வரை வட்டி கொடுக்கலாம் என்ற வாய்ப்பை அறிக்கை ஒரே வரியில் கடந்து போகிறது. எங்கள் பத்திரத்தில் வட்டி இல்லை. ஒரு லட்சம் வட்டி கொடுத்தால் ஏட்டு லாபம் அந்த அளவு குறைந்து, சம்பள வரம்பும் 60,000 குறையும். வரம்பு முழுவதையும் சம்பளமாக எடுப்பதாக வைத்தால், நிகரமாக 40,000 ரூபாய்தான் கூடுதல் கழிவு, வரியில் 12,480 ரூபாய் மிச்சம். சிறிய தொகைதான், ஆனால் மைத்துனர் என்னைவிட அதிக முதல் போட்டிருப்பதால் அவருக்கு நியாயம் செய்யும் வழியும் அதுவே. 17,700 ரூபாய் வாங்கியவர்கள் இந்த நான்கு வரிக் கணக்கைப் போட்டுக் காட்டியிருக்க வேண்டும்.

யாருக்கு இந்தச் சேவை தேவையில்லை என்றும் சொல்லிவிடுகிறேன். தனி உரிமையாளராக இருப்பவர் தனக்குத்தானே சம்பளம் கொடுத்துச் செலவாகக் காட்ட முடியாது. அவருக்கு டிராயிங்ஸைப் பிரித்துத் தரும் அந்த முதல் தாள் மட்டும் போதும், அதைத் தனியாகக் கேட்டால் குறைந்த கட்டணத்தில் செய்கிறார்கள். 44ஏடி பிரிவின்படி விற்றுமுதலில் 6 அல்லது 8 சதவீதத்தை லாபமாகக் காட்டும் பங்குதாரர் நிறுவனங்களுக்கும், அந்த லாபத்திலிருந்து பங்குதாரர் சம்பளத்தைத் தனியாகக் கழிக்க இடமில்லாததால், வரியில் பெரிய பயன் இராது. முறையாகக் கணக்கு எழுதி, 6 லட்சத்துக்கு மேல் லாபம் காட்டி, உறவினரோடு கூட்டாகத் தொழில் நடத்துபவர்கள் தாராளமாகப் போகலாம். போகும்போது பார்ட்னர்ஷிப் பத்திரத்தின் நகலையும், கடந்த ஓராண்டில் ஒவ்வொரு மாதமும் உண்மையில் பணம் வந்த தேதிகளின் பட்டியலையும் எடுத்துச் செல்லுங்கள். பின்னதை அவர்கள் கேட்க மாட்டார்கள், நீங்கள்தான் மேசையில் வைக்க வேண்டும். துணைப் பத்திரம் ஏப்ரல் முதல் தேதிக்கு முன் கையெழுத்தாக வேண்டுமானால் ஜனவரியிலேயே தொடங்குவது நல்லது.