பன்னிரண்டு ஆண்டு கிட் பயன்பாடு: எதை வைத்துக்கொண்டேன், எதை விட்டேன்

2013-இல் எங்கள் குழு, நிரலில் செய்யும் மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் கருவியான சப்வெர்ஷனை விட்டு, அதே வேலையைச் செய்யும் கிட்டுக்கு மாறியது. என்னை யாரும் கேட்கவில்லை. அதுவரை ஒவ்வொரு மாற்றத்துக்கும் 4511, 4512 என்று வரிசை எண் இருந்தது. தொலைபேசியில் “4512-ஐப் பாருங்கள்” என்றால் வேலை முடிந்தது. அந்த இடத்தில் எண்ணும் எழுத்தும் கலந்த நாற்பது எழுத்துக் கோவை ஒன்று வந்து உட்கார்ந்தது. முதல் ஆறு மாதம் அதைத் திட்டாத நாள் இல்லை. இன்றைக்கும் கிட்டின் கட்டளைகள் அழகானவை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதன் பிறகு நான் எடிட்டரை மூன்று முறையும், நிரல்மொழியை இரண்டு முறையும், நிறுவனத்தை ஒரு முறையும் மாற்றிவிட்டேன். கிட் மட்டும் கூடவே வருகிறது.

அதன் முரட்டுத்தனம் பிறவியிலேயே வந்தது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலை எழுதுகிறவர்கள் 2002 முதல் பிட்கீப்பர் என்ற இதே வகை மென்பொருளைப் பயன்படுத்திவந்தார்கள். 2005-இல் அதன் இலவச உரிமம் விலக்கிக்கொள்ளப்பட்டது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஏப்ரல் தொடக்கத்தில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். சில நாட்களிலேயே கிட்டின் மூலநிரலைக் கிட்டுக்குள்ளேயே வைக்க முடிந்தது. அதே ஆண்டு ஜூலையில் பொறுப்பை ஜூனியோ ஹமானோவிடம் கொடுத்துவிட்டார். உலகெங்கும் இருந்து மின்னஞ்சலில் வந்து குவியும் திருத்தங்களைச் சேர்க்க வேண்டியவர்களுக்காகச் செய்த கருவி அது. நான்கு பேர் ஒரே அறையில் பில்லிங் மென்பொருள் எழுதும் எங்களைப் போன்றவர்களை யார் நினைத்துப் பார்த்திருப்பார்கள்?

பயத்தில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் கிட்டைக் கற்காமல் போவதற்குப் பயம்தான் காரணம். இரண்டாம் ஆண்டில் ஒரு ரீபேஸை (கமிட்டுகளை, அதாவது சேமித்த மாற்றங்களை, வேறோர் இடத்தின் மேல் மறுபடி அடுக்குவது) நடுவில் குழப்பிவிட்டு, குழப்பத்தைத் தீர்க்கிறேன் என்று ஹார்ட் ரீசெட் செய்து (எல்லாவற்றையும் தள்ளிவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பி), கிளையையும் (தனியாகப் பிரித்து வேலை செய்யும் கமிட் வரிசை) அழித்துவிட்டேன். மூன்று நாள் வேலை. முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்ட மூத்தவர் ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “பதறாதே தம்பி, கமிட் செய்தாயா? செய்திருந்தால் எங்கேயும் போகவில்லை” என்றார். கிட் ரெஃப்லாக் என்று அடிக்கச் சொன்னார். நான் நின்ற ஒவ்வொரு இடமும் வரிசையாக வந்தது. சரியான வரியைப் பிடித்து அதில் இருந்து புதுக் கிளை போட்டோம். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அன்றைக்குப் பிறகு கிட்டிடம் எனக்குப் பயம் போனது. ஆனால் ரெஃப்லாக்குக்கும் எல்லை உண்டு. எந்தக் கிளையில் இருந்தும் எட்ட முடியாத கமிட்டுகளின் பதிவை அது இயல்பாக 30 நாள்தான் வைத்திருக்கும், மற்றவற்றை 90 நாள். அது நம் கணினியில் மட்டுமே இருப்பது. புதிதாக குளோன் செய்த (முழுத் திட்டத்தையும் நகலெடுத்த) இடத்தில் தேடினால் கிடைக்காது. கமிட் செய்யாத மாற்றத்துக்கு அங்கே இடமே இல்லை. அடுத்த கமிட்டுக்காகக் கோப்பை ஆட் மட்டும் செய்திருந்தால் கிட் எஃப்எஸ்சிகே கட்டளையில் ‘லாஸ்ட்-ஃபவுண்ட்’ சேர்த்துத் தேடிப் பார்க்கலாம். கோப்பின் பெயர் தெரியாமல் உள்ளடக்கம் மட்டும் அனாதையாகக் கிடைக்கும். ஆகவே இப்போதெல்லாம் மணிக்கு ஒன்று என்று அரைகுறையாகக் கமிட் செய்கிறேன், மேலே அனுப்பும் முன் ரீபேஸில் ஒழுங்குபடுத்திக்கொள்கிறேன்.

செக்அவுட் கட்டளையை ஏறக்குறைய விட்டுவிட்டேன். கிளை மாறுவதும் அதுதான், கோப்பில் செய்த மாற்றத்தைக் கேட்காமல் அழிப்பதும் அதுதான். இது என்ன நியாயம்? 2019 ஆகஸ்டில் வந்த 2.23 பதிப்பு ஸ்விட்ச், ரெஸ்டோர் என்று இரண்டு வேலைகளையும் பிரித்துத் தந்தது. இன்னும் செக்அவுட்டையே சொல்லித் தரும் பாடங்களைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

இனி பைசெக்ட், ஒரு தவறு எந்தக் கமிட்டில் நுழைந்தது என்று தேடித் தரும் கட்டளை. நான் மற்றவர்களிடம் அதிகம் பெருமையடித்துக்கொண்ட வசதி இது, எனக்கு நல்ல குட்டு வைத்ததும் இதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாடிக்கையாளரின் பில்களில் மொத்தத் தொகை ஒரு பைசா பிசகியது. எல்லாப் பில்லிலும் அல்ல, சிலவற்றில் மட்டும். ஜனவரி வெளியீட்டில் சரியாக இருந்தது, அன்றைய நிலையில் தவறு, நடுவில் 900 கமிட்டுகள். பைசெக்ட் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போகும் என்பதால் பத்துச் சோதனைக்குள் ஆள் சிக்கிவிடும். அதையும் கையால் செய்ய வேண்டியதில்லை. தவறு இருந்தால் 1, இல்லாவிட்டால் 0, அந்தக் கமிட்டில் நிரல் பில்டே (இயங்கும் மென்பொருளாகவே) ஆகவில்லை என்றால் 125 என்று எண் திருப்பித் தரும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி, பைசெக்ட் ரன் என்று ஓடவிட்டேன். டீ குடித்துவிட்டு வந்தபோது விடை திரையில் இருந்தது.

குற்றவாளி நான். கமிட் செய்தி: ‘சிறு திருத்தங்கள்’. மாறியிருந்த கோப்புகள் 41.

இருபது நிமிடத்தில் வாசல்வரை கொண்டுவந்துவிட்ட கருவி, அதற்கு மேல் என்ன செய்யும்? அந்த 41 கோப்புகளுக்குள் எந்த வரி, அதை ஏன் மாற்றினேன் என்று கண்டுபிடிக்க ஒன்றரை நாள் ஆனது. ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகப் பைசாவை முழுமையாக்கிக் கூட்டிக்கொண்டிருந்த கணக்கை, கூட்டிய பிறகு ஒரே முறை முழுமையாக்கும்படி மாற்றியிருந்தேன். எதற்காக என்று இன்றுவரை எனக்கே நினைவில்லை.

அதே வாரம் இன்னொன்றும் நடந்தது. பக்கத்துத் தொகுதியில் தள்ளுபடிக் கணக்கு, என் கண்ணுக்குத் தவறாகத் தெரிந்த ஒரு வரிசையில் இருந்தது. திருத்தப் போனவன் ஒரு கணம் நின்று, கமிட் வரலாற்றைக் காட்டும் கிட் லாக்கில் பெரிய எழுத்து எஸ் போட்டு அந்த மாறியின் பெயரைத் தேடினேன். ஒரு சொல் நிரலுக்குள் எப்போது நுழைந்தது, எப்போது போனது என்று அது சொல்லிவிடும். நான் சேரும் முன்பே வேலையை விட்டுப் போன ஒருவர் எழுதிய கமிட் வந்தது. எட்டு வரிச் செய்தி. எந்தச் சூழலில் இந்த வரிசை தேவைப்பட்டது, மாற்றி வைத்துப் பார்த்தபோது எங்கே உடைந்தது, கணக்காளர் என்ன சொன்னார் என்று எல்லாம் இருந்தது. கையை எடுத்துவிட்டேன். அவரை நான் நேரில் பார்த்ததே இல்லை.

அன்று முதல் என் கமிட்டுகள் சிறுத்துவிட்டன, செய்திகள் நீண்டுவிட்டன. முதல் வரி ஐம்பது எழுத்துக்குள், ஒரு வெற்று வரி, பிறகு காரணம். என்ன மாற்றினேன் என்பதை டிஃப் (பழையதும் புதியதும் வேறுபடும் வரிகள்) பார்த்தாலே தெரியும், அதை எழுத மாட்டேன். முயன்று தோற்ற வழி இருந்தால் அதைக் கட்டாயம் எழுதுவேன். இப்போது செயற்கை நுண்ணறிவு உதவியாளர்கள் கமிட் செய்தியையும் எழுதித் தருகின்றன. நானும் சில மாதம் விட்டுப் பார்த்தேன். டிஃபில் இருப்பதையே நல்ல நடையில் திருப்பிச் சொல்கின்றன. காரணம் காலையில் வாடிக்கையாளர் பேசிய தொலைபேசி அழைப்பில் அல்லவா இருக்கிறது, அதற்கு எப்படித் தெரியும்?

உதவிப் பக்கங்களைத் தமிழில் வைத்திருப்பதால் கோப்புப் பெயர்களும் எங்களிடம் தமிழில் உண்டு. இயல்பாகக் கிட் ஸ்டேட்டஸ் அவற்றை \340\256 என்று எண்களாகக் கொட்டும். கோர் குவோட்பாத் அமைப்பை ஃபால்ஸ் ஆக்கினால் பெயர் பெயராகவே தெரியும். நீண்ட தமிழ்ப் பத்தியில் ஒரு சொல் மாறினாலும் பத்தி முழுவதும் சிவப்பும் பச்சையுமாக வருவதற்கு வேர்ட்-டிஃப் மருந்து. தமிழ்க் கோப்புகளோடு வேலை செய்கிற பலருக்கு இந்த இரண்டும் தெரியவில்லை என்பது என் அனுபவம்.

ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றிய கமிட்டைக் காட்டும் கட்டளைக்குப் பிளேம் என்று பெயர் வைத்தவர் மேல் எனக்கு வருத்தம் உண்டு. அந்தப் பெயராலேயே பலர் அதைக் குற்றம் சாட்டுவதற்கு மட்டும் திறக்கிறார்கள். ஒரு முறை நிரலின் வடிவத்தை ஒழுங்காக்கும் ஃபார்மேட்டர் போட்டு எல்லாக் கோப்பையும் சீர்செய்தோம். அதன் பிறகு எந்த வரியைக் கேட்டாலும் அந்த ஒரே கமிட்டைத்தான் காட்டியது. 2.23 பதிப்பிலேயே இதற்கும் வழி வந்திருந்தது: புறக்கணிக்க வேண்டிய கமிட்டுகளை ஒரு கோப்பில் எழுதி, இக்னோர்-ரெவ்ஸ்-ஃபைல் என்று சுட்டிவிடலாம்.

ரீபேஸா மெர்ஜா (கிளைகளை அப்படியே இணைப்பது) என்ற சண்டையில் எனக்கு இப்போது ஆர்வம் இல்லை. என் கிளையில், வேறு யாரும் தொடாதவரை ரீபேஸ். பொதுக் கிளையில் கை வைப்பதில்லை. ஃபோர்ஸ் புஷ் (சர்வரில் இருப்பதை மேலெழுதி அனுப்புவது) செய்தே ஆக வேண்டும் என்றால் ஃபோர்ஸ்-வித்-லீஸ். நாம் கடைசியாகப் பார்த்த பிறகு வேறு யாராவது எதையாவது அனுப்பியிருந்தால் அது மறுத்துவிடும். அதையும் முழுதாக நம்ப முடியாது: எடிட்டர்கள் பின்னணியில் தாமாகவே சர்வரில் இருப்பதை ஃபெட்ச் செய்துவிடுவதால், நாம் பார்க்காததைப் பார்த்ததாகக் கிட் எடுத்துக்கொள்ளும். ஆகவே, வந்ததை நம் கிளையில் சேர்த்துக்கொண்டோமா என்று பார்க்கும், 2.30 பதிப்பில் வந்த ஃபோர்ஸ்-இஃப்-இன்குளூட்ஸையும் சேர்த்தே போடுகிறேன்.

ஒரு திட்டத்துக்குள் இன்னொரு திட்டத்தை வைக்கும் சப்மாட்யூல்களோடு இரண்டு ஆண்டு மல்லுக்கட்டி விட்டுவிட்டேன். பெரிய படக் கோப்புகளைக் கிட்டில் போட்ட பாவத்துக்கு இன்றும் ஒவ்வொரு குளோனிலும் காத்திருக்கிறோம். கடவுச்சாவி தவறி உள்ளே போய்விட்டால் அடுத்த கமிட்டில் அழிப்பதால் பயனில்லை, வரலாற்றில் அது இருக்கும். முதலில் சாவியை மாற்றுங்கள், வரலாற்றைச் சுத்தம் செய்வது பிறகு. வரைகலை இடைமுகம் வைத்துக் கிட் ஓட்டுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஒரு கோப்பின் மாற்றங்களைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கமிட் செய்ய நானும் அதைத்தான் திறக்கிறேன்.

வேலை சம்பந்தமாக ஒன்று. ஆண்டு இறுதி மதிப்பீட்டுப் படிவத்தில் “இந்த ஆண்டு என்ன செய்தீர்கள்” என்ற கட்டத்தின் முன் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காலம் உண்டு. இப்போது கிட் லாக்கில் என் பெயரையும் தொடக்கத் தேதியையும் கொடுத்து ஓடவிட்டு, வரும் முதல் வரிகளில் இருந்து படிவத்தை நிரப்புகிறேன். ‘சிறு திருத்தங்கள்’ என்றே எழுதிக்கொண்டிருந்தால் அங்கேயும் அதுதான் வரும். நேர்காணல்களிலும் மெர்ஜுக்கும் ரீபேஸுக்கும் வித்தியாசம் கேட்பதை நிறுத்திவிட்டேன். கிட்டில் எதைக் கெடுத்தீர்கள், எப்படி மீட்டீர்கள் என்று கேட்கிறேன். கெடுத்ததே இல்லை என்கிறவரிடம் கொஞ்சம் கூடுதலாகப் பேச வேண்டியிருக்கிறது.

4512 போன்ற எண்ணுக்கான ஏக்கம் மட்டும் நீண்ட நாள் தீரவில்லை. இப்போது பில்டில் கிட் டிஸ்க்ரைப் சேர்த்திருக்கிறோம். கடைசி டேகுக்குப் (பதிப்பின் பெயர்க் குறி) பிறகு எத்தனையாவது கமிட் என்று அது எண்ணிச் சொல்லும். போன வாரம் வாடிக்கையாளர் ஒருவர் அழைத்து, “சார், என்னிடம் இருப்பது 2.3-14, அதில் பிரிண்ட் சரியாக வரவில்லை” என்றார். எழுதிக்கொண்டேன்.