ஒளிபரப்பு வீடியோ சர்வர்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

எங்கள் கட்டுப்பாட்டு அறையில் ஓராண்டாக இயங்கும் இந்த வீடியோ சர்வர், காட்சிகளைப் பதிவுசெய்து ஒளிபரப்பும் கருவி; பதிவுக்கோ ஒளிபரப்புக்கோ பயன்படும் நான்கு சேனல்கள் (தனித்தனிப் பாதைகள்) இதில் உண்டு. இதன் பெரிய பலம், ஒரு நிகழ்ச்சி பதிவாகிக்கொண்டிருக்கும்போதே அதன் தொடக்கப் பகுதியை வேறொரு சேனலில் ஒளிபரப்ப முடிவதுதான். வினாடிக்கு 1.485 கிகாபிட் வேகத்தில் வரும் எச்டி-எஸ்டிஐ (உயர் தெளிவுப் படத்தையும் ஒலியையும் ஒரே கேபிளில் அனுப்பும் முறை) சிக்னலிலிருந்து படம், 16 ஆடியோ தடங்கள், டைம்கோடு (ஒவ்வொரு தனிப் படத்துக்குமான நேரக் குறியீடு) ஆகியவற்றைப் பிசகின்றி எடுத்துக்கொள்கிறது.

ஆர்எஸ்-422 என்ற கட்டுப்பாட்டு இணைப்பில் ‘க்யூ’ (தயாராகு) கட்டளை வந்ததும் முதல் ஃபிரேமை (தனிப் படத்தை) நிறுத்திக் காட்டி, ‘பிளே’ கிடைத்தவுடன் ஜென்லாக்கோடு (எல்லாக் கருவிகளையும் ஒரே நேரத்தாளத்தில் ஓடவைக்கும் பொது சிக்னல்) ஒத்திசைந்து ஓடத் தொடங்கும் அழகே தனி. வினாடிக்கு 25 ஃபிரேம் முறையில் ஒரு ஃபிரேம் என்பது 40 மில்லிவினாடி என்றாலும், இடையில் அந்த அளவு கறுப்பு வந்தால்கூடக் கண்ணில் படும்.

ஒரு குறை உண்டு. பதிவுக்கும் ஒளிபரப்புக்கும் பொதுவான சேனலில் கிளிப் முடிந்ததும், வெளியீடு தானாகவே உள்வரும் சிக்னலுக்கு மாறிவிடுகிறது. அப்படித்தான் ஒருமுறை எங்கள் ஒத்திகைக் காட்சி நேரலையில் போய்விட்டது. வாங்குபவர்கள், கிளிப் முடிந்ததும் எதைக் காட்ட வேண்டும் என்ற செட்டிங்கை முதல் நாளே கறுப்புத் திரைக்கு மாற்றிவிட வேண்டும்.