குன்னூர் கவுன்சிலிங் ரூம், 4 ஸ்டார் தரேன்

முதல்ல ஒண்ணு, பார்க்கிங் கிடையாது. பெட்ஃபோர்டு பக்கமே வண்டிய விட்டுட்டு படி ஏறணும், மழைல வழுக்கும்.

நாங்க கோத்தகிரி பக்கம். பொண்ணுக்கு 13 வயசு. ஜூன்ல ஸ்கூல் மாத்தினோம், அப்புறம் எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறா, ஷட்டில் விளையாட போறதில்ல, தினம் வயித்துவலின்னு சொல்றா. மாமியார் வயசுக்கோளாறுன்னாங்க, நான் போன்தான் காரணம்னு புடுங்கி வெச்சேன், இன்னும் மோசமாச்சு. சோகமா மூலைல உக்காந்தாதான் டிப்ரஷன்னு நெனச்சுட்டு இருந்தேன், இந்த வயசுல அது கோவமா கூட வரும்னு அங்க போய்தான் தெரிஞ்சது.

9 கேள்வி இருக்கற தாள் ஒண்ணு குடுத்தாங்க, கடந்த 2 வாரம் எப்படி இருந்தன்னு. மார்க் வந்ததும் நான் பயந்துட்டேன், கவுன்சிலர் மேடம் இது யாருக்கு இருக்கலாம்னு சலிச்சு பாக்கற சல்லடைதான், இத வெச்சே நோய்னு சொல்ல முடியாதுன்னுட்டாங்க. என்னை வெளிய அனுப்பிட்டு சாகணும்னு தோணுதான்னு அவகிட்ட நேராவே கேட்டுருக்காங்க. எனக்கு பக்குன்னுச்சு. கேக்கறதால அந்த எண்ணம் புதுசா வராதாம், கேக்காம விடறதுதான் ஆபத்தாம்.

அப்புறம் எங்கிட்ட. வீட்ல வேற யாருக்காவது இருந்துச்சானு கேட்டாங்க, என் தம்பி பொறந்தப்ப எங்கம்மா மாசக்கணக்கா எந்திரிக்காம படுத்திருந்தது அப்பதான் ஞாபகம் வந்துச்சு, நாங்க அத சோம்பேறித்தனம்னே பேசி பழகிட்டோம். குடும்பத்துல இருந்தா வாய்ப்பு கூடும், கட்டாயம் வரும்னு இல்லன்னாங்க. க்ளாஸ் வாட்ஸப் குரூப்ல அவ நிறத்த வெச்சு கிண்டல் ஓடிருக்கு, அத ஆறு மணி நேரம்கூட தூங்காம படிச்சுட்டு இருந்துருக்கா (இந்த வயசுக்கு 8 மணி நேரமாவது வேணுமாம்).

மாத்திரை எதுவும் எழுதல. ட்யூஷன ரெண்டு நாள் குறைச்சு ஷட்டிலுக்கு திரும்ப அனுப்ப சொன்னாங்க, கிண்டல் விஷயத்த ஸ்கூல்ல நாங்களே போய் பேச சொன்னாங்க. என் வீட்டுக்காரர் தேயிலை சீசன்ல ஃபேக்டரி விட்டு வர ராத்திரி பத்தாகும், வாரத்துல ரெண்டு ராத்திரியாவது அப்பாகூட உக்காந்து சாப்பிடட்டும், அட்வைஸ் வேணாம், சும்மா இருந்தா போதும்னாங்க. பீஸ் வாங்கிட்டு இதையா சொல்றாங்கன்னு அவருக்கு கடுப்பு. ஆனா நாலாவது வாரம் கிண்டல் பண்ண பொண்ணு பேர அவ அவர்கிட்டதான் சொன்னா, எங்கிட்ட இல்ல.

ராத்திரி அவசரம்னா 14416, டெலி மானஸ்னு கவர்மெண்ட் மனநல ஹெல்ப்லைன், காசில்ல, தமிழ்லயே பேசலாம்னு எழுதி குடுத்தாங்க.

ஒரு ஸ்டார் ஏன் குறைச்சேன்னா, 40 நிமிஷம் லேட், நடுவுல வெறும் ப்ளைவுட் தடுப்பு, உள்ள யாரோ அழறது வெளிய கேக்குது, அப்ப எங்களுதும் கேட்டுருக்கும்ல. சொன்னதுக்கு அடுத்த வாரம் ஒரு ரேடியோ வெச்சிருக்காங்க. சனிக்கிழமை வேணும்னா திங்களே போன் பண்ணிடுங்க.